ராஜா வருகிற இடம்

பிள்ளைகளே, நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறேன். என் மச்சினன் பழைய புராண நாடக வீடியோக்களைச் செல்போனில் தேடிப் பிடித்து என் மகள்களைப் பார்க்கச் சொல்வான். "மாமா சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்று இருவரும் அவனையே சுற்றுவார்கள். எனக்கு வயிறு எரியும். திருவிழா நாடகம் பார்த்தே வளர்ந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்திருந்தபோது, "இன்னிக்கு உங்க அய்யா சொல்ற நாடகம்" என்று நானே ஒன்றைத் தேடி டிவியில் போட்டேன். முன்னால் பார்க்காமல் போட்டதுதான் தப்பு. எடுத்த எடுப்பில் கோமாளி வேஷம் கட்டிய பபூன் வந்து, பிள்ளைகள் கேட்கக் கூடாத பேச்செல்லாம் பேச ஆரம்பித்தான். நான் ரிமோட்டைத் தேடினேன். மச்சினன்தான் ஓடிப்போய் டிவியை அணைத்தான்.

"என்ன மச்சான், பபூன் போனப்புறம் ராஜா வந்துதான் கதையே ஆரம்பிக்கும். ராஜா வார இடத்துல இருந்துல்ல போடணும்! நான் முழுசாப் பாத்துட்டுத்தான் பிள்ளைககிட்டச் சொல்லுவேன்" என்றான்.

"அய்யா, இனிமே மாமாகிட்டக் கேட்டுட்டுப் போடுங்க" என்று சின்னவள் சிரித்தாள். அது சுருக்கென்று தைத்தது.

இப்போது எந்த நாடகத்தையும் நான் தனியாக முழுதும் பார்த்த பிறகே சொல்கிறேன். போன வாரம் நான் சொன்னதைப் பார்த்த சின்னவள், "மாமாவுக்கும் அனுப்புங்கய்யா" என்றாள். ராஜா எந்த இடத்தில் வருகிறார் என்பதையும் எழுதியே அனுப்பினேன்.