கறிக்கடைக்குப் போன நம்பர்

ஜினமதியம்மாளை நான் முதன்முதலில் பார்த்தது வேங்கிக்கால் கோழிக்கறிக் கடை எதிரில். கிழங்குகூடத் தொடாத சமணக் குடும்பத்துப் பெண்மணி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, அது என் நம்பர்பா!"

"காசு குடுத்து வாங்கின சிம்முங்கம்மா," என்றான் கடைக்காரன் முருகையன். "தினம் ஒரு வெள்ளைக்காரன் ரூம் இருக்கானு கேக்குறான். கோழிக் கூண்டுதான் இருக்குதுனு சொல்லி மாளல."

ஜினமதிக்குப் பிழைப்பு, ரமணாசிரமத்துப் பக்கம் வாடகைக்கு விடும் மூன்று அறைகள். கார்த்திகையில் வருகிற பழைய ஆட்களிடம் இருப்பது அந்த ஒரே நம்பர். அந்த வருஷம் சாதுர்மாச விரதத்துக்கு, மழைக்காலம் நான்கு மாதமும் போனைத் தொடுவதில்லை என்று சங்கல்பம் செய்து, அணைத்துப் பெட்டியில் வைத்தார். விரதம் முடிந்து எடுத்தால் நம்பர் இல்லை.

செல்போன் கம்பெனிக் கிளையில் தேவிப்ரியா என்ற பெண் விளக்கினாள். "யூஸ் பண்ணாத நம்பரை வேற ஆளுக்குக் குடுக்கலாம்னு ரூல் இருக்குது மேடம். நோட்டீஸ் அனுப்பினோமே."

"எங்க அனுப்பினீங்க?"

"அந்த நம்பருக்குத்தான்."

"அப்போ என் புகாரை எழுதிக்குங்க."

"ஆப்ல குடுங்க மேடம். ஓடிபி வரும்."

"எந்த நம்பருக்கு?"

தேவிப்ரியா ஏசியை நிமிர்ந்து பார்த்தாள்.

நம்பர் நாட்டின் சொத்தாம். அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுக்கும், கம்பெனி முருகையனுக்குக் கொடுக்கும். ஜினமதி மட்டும் நாட்டில் சேர்த்தி இல்லை. சிம் கொடுக்கும்போது ஆதார், கைரேகை, வீட்டு விலாசம் எல்லாம் கேட்கிற சட்டம், பறிக்கும்போது அந்த விலாசத்துக்கு ஒரு தபால் போடச் சொல்லக் கூச்சப்படுகிறது. அலைக்கற்றையை ஏலம் விட ராப்பகலாக உட்காருகிற பெரியவர்களுக்கு இதை எழுத மட்டும் பேனா கிடைக்கவில்லை.

கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தால், "இது சென்ட்ரல் கவர்மென்ட் சமாசாரம்மா" என்றார்கள். ஆத்திரத்தில் பக்கத்து ஆளின் போனை வாங்கித் தன் நம்பரையே கூப்பிட்டார். எடுத்தவன் முருகையன். அவன் கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்; நேரே நடந்துவிட்டார்.

கடை எதிரில் ஜினமதி சத்தம் போட்டு ஓய்ந்த பிறகு தீர்ப்புச் சொன்னதும் அவன்தான். "புது நம்பர் வாங்கிச் சொல்லுங்கம்மா. ரூம் கேக்குறவன உங்ககிட்டத் தள்ளிவிடுறேன். உங்க ரூம்ல எவனாச்சும் சிக்கன் கேட்டா என் கடையக் காட்டுங்க."

"கேட்டான்னா அன்னிக்கே ரூமைக் காலி பண்ண வெச்சிடுவேன்!"

"சரி, வாணாம் விடுங்க," என்று சிரித்தான் முருகையன். ஆனாலும் சொன்னபடி ஆட்களை அனுப்பினான். அந்தக் கார்த்திகைக்கு மூன்று அறைகளும் நிறைந்தன.

ஜினமதி இப்போதும் செங்கம் ரோட்டில் அதே மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். பழைய நம்பர் முருகையனிடம்தான் இருக்கிறது. இந்தச் சாதுர்மாசத்தில் உப்பை விட்டார், போனை விடவில்லை.