இரவல் சைக்கிள் தொலைந்த வாரம்

போன வருடம் மழைக்காலத்தில், புனேயில் நடந்தது இது. விமான் நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து, கோவையிலிருந்து வந்து கோர்படியில் தனியாக வாடகைக்கு இருந்தேன். என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்த அம்மா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். கேம்ப் என்கிற பகுதியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான்.

இரவு மருத்துவமனை பெஞ்சில் படுப்பேன். காலையில் வீட்டுக்கு வந்து குளித்து, கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுவேன். தூரம் குறைவு என்று ஆட்டோக்காரர்கள் வர மாட்டார்கள். வந்தாலும் ரயில்வே கேட் நெரிசலில் நின்றுவிடும். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. நான் படும் பாட்டைப் பார்த்துக் கீழ்வீட்டு அக்காதான் சைக்கிளைக் கொடுத்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு தலைமுறையாகப் புனேயிலேயே இருக்கும் குடும்பம் அவர்களுடையது. சைக்கிள் அவர் கணவருடையது. அவரைக் கேட்காமலேயே கொடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் காலை மருத்துவமனை வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கஞ்சியோடு உள்ளே போனேன். மருந்து வாங்க வெளியே வந்தபோது அது இல்லை. சாவி என் கையில் இருந்தது. பூட்டோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாசல் காவலாளி, வெளியே நிற்கிற வண்டிக்கெல்லாம் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று ஹிந்தியில் சொன்னார். பக்கத்துத் தெருக்களில் எல்லாம் நடந்து தேடினேன். போலீஸ் சௌக்கி என்கிற புறக்காவல் நிலையத்துக்குப் போனால், என்ன கம்பெனி சைக்கிள் என்று கேட்டார்கள். தெரியவில்லை. உங்களுடையதுதானே என்றார்கள். இல்லை என்றேன். சொந்தக்காரரை அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்கள். அழுகைகூட வரவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து தூங்கிவிடலாம் போல இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்காவின் கணவரே திறந்தார். சொன்னேன்.

"பூட்னியா?" என்றார்.

"பூட்டினேனுங்க அண்ணா. சாவி இருக்குது." நீட்டினேன். "நான் வேற வாங்கித் தந்துடறேனுங்க."

"வேற எவன் கேட்டான்?" சாவியை வாங்கிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "எதுக்கு என்னக் கேக்காம குடுத்த?" பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

நான் மாடியேறி, விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா தட்டில் சப்பாத்தியோடு வந்தார்.

"வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து வச்சிருந்த சைக்கிளு. கோவம் இருக்கத்தான் செய்யும். ரெண்டு நாளு பேசமாட்டாரு. நீ அதப் பாக்காத, சாப்டு."

"உங்களையும் திட்டறாருங்களே அக்கா."

"எனக்கு அது புதுசா? சாப்டு மொதல்ல."

சாப்பிட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினால், அண்ணா ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேம்ப்ல பழைய சைக்கிள் விக்கிற கடைங்க இருக்குது. திருடுனவன் அங்க வித்திருப்பான், பாக்கப் போறேன். ஆஸ்பத்திரி வழியிலதான். ஒக்காரு."

வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலையிலும் அப்படித்தான். அம்மா வீடு திரும்பும்வரை தினமும் நான் கிளம்பும் நேரத்தில் அவருக்கும் சைக்கிள் தேடும் வேலை இருந்தது. அது வெறும் சாக்கு என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே தேடினார். வழியில் எந்தச் சைக்கிள் நின்றாலும் வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைப் பின்னால் உட்கார்ந்து கேட்பது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒருநாள் மழை கொட்டியதால் வார்டு வரைக்கும் வந்தார். கட்டிலருகே நின்று, "ஒங்க பொண்ணு என் சைக்கிளத் தொலைச்சிடுச்சும்மா" என்றார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

"ஐயோ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்று அம்மா பதறினார்.

"சொல்லியிருந்தா? நீங்க எழுந்து போய்த் தேடப் போறீங்களா?"

அம்மா சிரித்துவிட்டார். விழுந்த நாளிலிருந்து அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான். நர்சுகள் பேசும் ஹிந்தியும் மராத்தியும் புரியாமல் நாள் முழுக்க விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவர், அன்று மழை விடும்வரை அவரோடு ஊர்க்கதை பேசினார். நான் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாகக் கண் அசந்தேன்.

சைக்கிள் கிடைக்கவே இல்லை. அம்மா தேறி ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் படிக்கட்டில் அண்ணா எதிர்ப்பட்டால், "நல்ல சைக்கிளும்மா அது" என்று முனகிவிட்டுத்தான் போவார். கோபம் தணிந்த பிறகு உதவ வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோபத்தை வைத்துக்கொண்டே தினமும் வந்து நின்றவர் இவர் ஒருவர்தான். அதனால்தான், யார் மீதாவது எனக்கு மனது கசந்துபோகிற நாட்களில், பேசாமல் இருந்தாலும் இருக்கலாம், அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் மட்டும் இருந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன்.