முப்பத்தெட்டு மயில்

வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ஏழாவது படிக்கிற எம்பொண்ணு பூங்கொடிக்கு, மழையைப் பத்தின வீட்டுப்பாடக் கவிதையை நான்தான் எழுதிக் குடுத்தேன். நான் படிச்சது அஞ்சாவது. ஆனாலும் மயிலை ஆட வுட்டேன், தவளையைப் பாட வுட்டேன்.

இன்னிக்கு அவளுக்குச் சோத்து டப்பா குடுக்கப் போனப்ப, ஸ்கூல் கேட்டுலயே தமிழ் டீச்சர் பிடிச்சிக்கினாங்க.

"முப்பத்தெட்டு நோட்டுங்க. முப்பத்தெட்டுலயும் மயில் ஆடுது. எங்கப்பா எழுதினதுன்னு ஒத்துக்கினது உங்க பொண்ணு மட்டும்தான்."

"மயிலு நல்லா ஆடுச்சுங்களா டீச்சர்?"ன்னேன்.

அவங்க சிரிக்கலை. "பதினாலு வருஷமா கவிதை நடத்துறேன். ஒரு புள்ள தானா எழுதின ஒரு வரியை இன்னும் படிக்கலைங்க. இனிமே படிப்பேன்னும் தோணலை."

டப்பாவைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் பூங்கொடியைக் கேட்டேன். "நீயா எழுதியிருந்தா என்னடி எழுதியிருப்ப?"

"மழை பெஞ்சா நீ வேலை பாக்குற மைன்ஸ்ல தண்ணி நிக்கும். கான்ட்ராக்ட் ஆளுங்களை வரவேணாம்பாங்க. கூலி இல்லாம நீ வூட்டுலயே இருப்ப. அம்மா யாருகிட்டயும் பேசாது. இதையெல்லாம் போய் கவிதைல எழுதுவாங்களாப்பா?"

"எழுதும்மா, இப்பவே எழுது"ன்னு நோட்டை நீட்டினேன்.

"மயிலுக்கே பத்துக்கு ஏழு போட்டாங்க. போதும்ப்பா"ன்னு டிவியைப் போட்டுக்கினா.

உங்க வீட்டு மயிலுக்கு எத்தனை மார்க்குன்னு கீழ கமென்ட்ல சொல்லுங்க.

இதை டைப் பண்ணிக்கினு இருக்கும்போதே மழை பிடிச்சிக்கிச்சு. நாளைக்கு வரவேணாம்னு சூப்பர்வைசர் போன் பண்ணிட்டார். வெளியே வெச்சிருந்த வேலை ஷூ ரெண்டும் நனைஞ்சிடுச்சு. அவசரமில்லாம காயலாம்.