பொங்கியண்ணனின் வலக்கை

கோபாலபுரம் பக்கத்தில் சிறுநீரகம் கெட்டவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதை வைத்துப் பெருமை அடித்துக்கொண்டவர் பொங்கியண்ணன் ஒருவர்தான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக வலக்கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். தேங்காய் பறிக்க வந்தவரிடம்கூட, "தொட்டுப் பாரப்பா, அஞ்சு குதிரை மோட்டாரு" என்று கையை நீட்டுவார். தபால்காரர் தொட்டிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்தவரும் தொட்டுக் கும்பிட்டுப் போனார்.

இடக்கையில் முதலில் தைத்தது ரத்தம் உறைந்து அடைத்துப் போயிருந்தது. அதனால் ஆஸ்பத்திரியின் மலையாளத்து நர்ஸ் ஜோமோள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "அப்பா, இந்தக் கையில வாச்சு வேண்டாம், பிரஷர் நோக்க வேண்டாம், எதும் கட்டவும் வேண்டாம். கிட்னி கெட்டவங்களுக்கு ரத்தம் சட்டுன்னு கட்டியாயிரும். இதும் அடைச்சா கழுத்துலதான் குழாய்."

பொங்கியண்ணன் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மாரியம்மன் நோன்பு வந்தது. முதல் காப்பு அவர்கள் வீட்டுக்குத்தான், ஆணுக்கு வலக்கை. பூசாரி நல்லதம்பி மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றோடு தயங்கினார்.

"மாமா, கை அப்பிடி இருக்குதுங்களே?"

"கைக்கு என்னடா கேடு? இறுக்கிக் கட்டு. போன வருசம் அவுந்து விழுந்து ஊரே சிரிச்சுது."

பூசாரி இறுக்கினார். கொட்டுச் சத்தத்தில் பொங்கியண்ணனின் மீசை நிமிர்ந்தது.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோது விரல்கள் மரத்திருந்தன. கயிற்றுக்கு மேலே தொட்டார். அதிர்வு இல்லை. காதருகே வைத்தார். மோட்டார் நின்றிருந்தது. கழுத்துக் குழாய் கண்முன் ஆடியது. ஆனாலும் கட்டின காப்பை அறுத்தவன் என்று ஊர் பேசுமே! ரசத்தை ஊற்றிக்கொண்டு சும்மா இருந்தார்.

மனைவி ராசம்மாள் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். அரிவாள்மனையை இழுத்துப் போட்டாள்.

"ஏ புள்ள, நோன்பு முடியாம அறுத்தா ஊருக்கு ஆகாது!"

"ஏனுங்க, ஊசி குத்திக்கிறது ஊரா, நீங்களா? ஆத்தாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். கையைக் காட்டுங்க."

கயிறு அறுந்தது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. மருந்து ஏற்றி, பொழுது சாயும்போதுதான் மெல்ல அதிர்வு திரும்பியது. "இன்னும் கொஞ்சம் தாமசிச்சா இந்தக் கையும் போச்சு" என்றாள் ஜோமோள். பொங்கியண்ணன் இந்த முறை தலையாட்டவில்லை.

மறுநாள் கோயிலில் பஞ்சாயத்து. காப்பு இல்லாமல் நோன்பு நடக்காது. அந்த வீட்டை விட்டால் முறை தவறும். ஆளாளுக்குப் பேசி ஓய்ந்த பிறகு ராசம்மாள் இடக்கையை நீட்டினாள்.

"பொம்பளைக்கு இடக்கைதானுங்களே? கட்டுங்க."

நல்லதம்பி கட்டினார். கொட்டு முழங்கியது. பொங்கியண்ணன் கூட்டத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

அடுத்த நாள் டயாலிசிஸ். மூன்று வருசமாகப் பையும் சோறும் சுமந்து கூடவே போனவள் வாசற்படியில் நின்றுகொண்டாள்.

"காப்புக் கட்டுனவ ஊர் எல்லை தாண்டக் கூடாதுங்க. ஊசிக்குப் போற உங்களுக்குத்தான் ஊரு விலக்கு குடுத்துது, எனக்கில்ல. மாத்திரைச் சீட்டு மேல் பையில இருக்குது. பையை இடக்கையில புடிச்சுக்கங்க."

"தனியாவா?"

"பஸ்ஸுல நாப்பது பேரு வருவாங்க."

பொங்கியண்ணன் முழுக்கைச் சட்டையை வலக்கை மறைய இறக்கி விட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.