பூசையில் வைத்த துப்பாக்கி

மலாக்காவுக்கு வெளியே, பாமாயில் எடுக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸ் என் பெயரில்தான் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். காட்டுப்பன்றிகள் பனங்கன்றுகளைக் குதறிக்கொண்டிருந்தன. நான் ஆபீஸ் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா; மலாய் நன்றாக எழுதுவேன். மேனேஜர் என்னைக் கைகாட்டிவிட்டார். தொண்ணூறுகளில் அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்துப் பன்றிகள் சிரித்திருக்கும். ஒன்றுகூட என்னால் சாகவில்லை.

சுடத்தான் வராதே தவிர, சட்டம் பேச நன்றாக வரும். லைசென்ஸ் வைத்திருப்பவர் கை மட்டும்தான் படலாம், வேறொருவர் தொட்டால் லாக்கப், பிறகு ஜெயில், ரோத்தான் பிரம்படிகூட உண்டு என்று போலீஸ் நிலையத்தில் சொன்னதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பேன். தமிழ்நாட்டிலிருந்து விசிட் பாஸில் வந்திருந்த என் மனைவியின் தம்பிக்கு அது தினசரிப் பாடம்.

"வெளிநாட்டுக்காரன் தொட்டா இன்னும் மோசம்லா," என்பேன். பாவம், மச்சான் மரியாதையாகத் தலையாட்டுவான்.

ஆயுத பூசை வந்தது. குலை வெட்டும் அரிவாள், மண்வெட்டி, லாரிச் சாவி என்று எல்லாவற்றையும் கோயிலில் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசினார்கள்.

"கிராணி, துப்பாக்கியும் ஆயுதந்தானே? கொண்டாங்க," என்றார் பூசாரி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்து நட்டநடுவில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது. பூசையில் வைத்ததைச் சாயங்காலம் வரை எடுக்கக் கூடாது என்பது தோட்டத்து வழக்கம். துப்பாக்கியை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். சாமிக்கும் போலீசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கொடுத்த பானகத்தையெல்லாம் வேறு குடித்துத் தொலைத்தேன். அடிவயிறு சும்மா இருக்குமா?

"நீங்க போயிட்டு வாங்க அத்தான், நான் பாத்துக்கறேன்," என்றான் மச்சான்.

போனேன். திரும்பி வந்தால், மச்சான் துப்பாக்கியைத் தோளில் சாத்தி, ஒரு காலை முக்காலி மேல் தூக்கி வைத்து நிற்கிறான். எதிரே ஒருவன் கேமராவோடு குனிந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார் போலீஸ் நிலையத்து மலாய் சார்ஜன். எங்கள் கோயில் சாப்பாட்டுக்கு வருஷா வருஷம் வருகிறவர்.

"சியாப்பா பூஞா?" என்றார். யாருடையது என்று கேட்கிறார். மச்சானுக்கு என்ன தெரியும்? பெரிய மனிதர் கேட்கிறாரே என்று இரண்டு கையாலும் பவ்வியமாக அவரிடமே நீட்டினான்.

பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஐயோ, தெரியாம தொட்டுட்டான் துவான்! எங்கம்மாவுக்கு இவன் ஒருத்தன்தான் பிள்ளை. உள்ள போட்டுடாதீங்க!" தமிழில்தான் கதறினாள். சார்ஜனுக்கு அழுகை புரிந்தது. ஆனாலும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"சாயா பூஞா, துவான்," என்றேன். என்னுடையது, ஐயா. குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது. "நான்தான் கொண்டுவந்தேன், நான்தான் விட்டுப் போனேன். இவன் விருந்தாளி. என் பெயரை எழுதுங்கள்."

சார்ஜன் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தார். தோட்டா இல்லை. குழலில் அப்பியிருந்த சந்தனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மச்சானை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "நீ வா," என்று தலையை அசைத்தார்.

மோட்டார் சைக்கிள் வரைக்கும் மனைவி கூடவே வந்தாள்.

"பயமா இருக்கா?"

"கால பாரு, தந்தியடிக்குது."

தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெளியில் என் பக்கத்தில்கூட நடக்காதவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தந்திதானே, அடிக்கட்டும். சீக்கிரமா வந்துடுங்க. நீங்க வந்தாத்தான் நான் சாப்பிடுவேன்."