ஒரே பொன்னாடையில் இரண்டு தெரு

போன ஞாயிறு ஒரு கல்யாண வீட்டில் எனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வேர்வை துடைக்க ஆகாது, குளிருக்கும் ஆகாது. அதனால்தான் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. அதிலிருந்து வந்த அந்துருண்டை வாசனை என்னை எங்கள் மறைமாவட்டத்துப் பழைய ஆயரின் பீரோ முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது நான் அவருக்குக் கார் ஓட்டினேன். சம்பளம் குறைவு, ஆசீர்வாதம் அதிகம். போகிற ஊரிலெல்லாம் பொன்னாடை விழும், பீரோ மூடாது. பொன்னாடை விழாத ஊர் ஒன்றே ஒன்று, தாமிரபரணிக் கரையில். அங்கே திருவிழாச் சப்பரம் முதலில் மேலத்தெருவில் போவதா கீழத்தெருவில் போவதா என்று மண்டை உடைந்தது. சமாதானமாகும்வரை திறக்க மாட்டேன் என்று ஆயர் கோயிலைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். அவரைத் திட்டுவதில் மட்டும் இரண்டு தெருவும் ஒற்றுமையாக இருந்தன.

அந்தக் கார்த்திகையில் ஆறு ஊருக்குள் புகுந்தது. மேட்டில் இருந்தது கோயில் மட்டும்தான், அதுவும் பூட்டிக் கிடந்தது. சேதி கேட்டதும் ஆயர் பீரோவில் இருந்த பொன்னாடை முழுவதையும் தார்ப்பாயில் கட்டிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கார் பாலத்தோடு நின்றுவிட்டது. மூட்டையை என் தலையில் ஏற்றிவிட்டு, ஆயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். எங்கள் பக்கம் ஆயரை ஆண்டவர் என்றுதான் கூப்பிடுவோம்.

“சமாதானம் ஆயிட்டா, ஆண்டவரே?” என்றேன்.

“ஆகலை. தண்ணி ஏறுதுல்லா” என்றார்.

கதவு திறந்ததும் ஊரே நனைந்தபடி உள்ளே வந்தது. பிள்ளைகள் வெடவெடவென்று நடுங்கின. உலர்ந்த துணி என்று இருந்தது பொன்னாடைதான். ஆனால் பெரியவர் வாங்காமல் தெருவில் யாரும் வாங்க மாட்டார்களாம். மேலத்தெருப் பெரியவர் சூசை அண்ணாச்சி, முதல் மரியாதை தங்களுக்குத்தான் என்றார். கீழத்தெரு அந்தோணி அண்ணாச்சி, அப்படியானால் நனைந்தே நிற்கிறோம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மூட்டையை ஆற்றில் போட்டிருப்பேன்.

ஆயர் ஒரே பொன்னாடையை இரண்டு பேர் தோளையும் சேர்த்துப் போர்த்தி, முனையை முடிச்சுப் போட்டார். “இப்பம் ரெண்டு பேரும் பைய உக்காருங்க. பிள்ளைய குளிர்ல நிக்குது.”

உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் ஊர் முழுக்கச் சரிகையில் மினுங்கியது, மந்திரிகள் மாநாடு மாதிரி. ஓரமாகத் திரும்பி நின்று ஆயர் அழுததை நான் மட்டும் பார்த்தேன்.

தண்ணீர் வடிந்தது. அந்த ஆண்டுச் சப்பரத்தை இரண்டு தெருவும் சேர்ந்தே தூக்கின. இப்போது ஆயரும் இல்லை, இரண்டு அண்ணாச்சிகளும் இல்லை. அந்தப் பொன்னாடையை எந்தத் தெரு வைத்துக்கொள்வது என்று சண்டை வந்து, கோயில் மறுபடி பூட்டிக் கிடக்கிறது. சாவி பத்திரமாகத்தான் இருக்கிறதாம். தண்ணீரில் இறங்கி வந்து திறக்கத்தான் ஆள் இல்லை.