ஒரு டிகிரியில் வெந்த சிரட்டைக் கரி

1. மூன்றாவதும் செத்தது

மூன்றாவது பட்டரி செல்லும் செத்த அன்று மெடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பலாபத்வலையில் ஒரு பழைய மிளகுக் கிடங்கில் சோடியம் பட்டரி ஆய்வு நடத்திக்கொண்டிருந்தோம். மெடம் மாத்தளை டவுன்காரர், டொக்டர் ஃபஸ்லினா. ஊசி போடும் டொக்டர் அல்ல, படித்து வாங்கிய டொக்டர். செல்லைச் சோதித்துப் பார்ப்பவர் கமகே. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கும் பர்னஸ் உலை என் பொறுப்பு. நான் எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடியவன். சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டினேன், ஹோட்டலில் துணி துவைத்தேன், சூளையில் கரி சுட்டேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. இங்கே பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

சார்ஜ் ஏற்றும்போது சோடியம் போய்த் தங்குகிற இடத்துக்கு அனோட் என்று பெயர். அதைத்தான் சிரட்டைக் கரியில் செய்தோம். எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் கரி தாங்க வேண்டும். எங்கள் கரி இருபது தடவையில் படுத்துவிடும். ஏழாம் பேட்ச் மட்டும் நூறு தடவை தாண்டியும் அசையவில்லை. "அதே மாதிரி இன்னொன்று செய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் கிடங்கைப் பூட்டுகிறோம்" என்றார்கள் செலவைப் பார்த்துக்கொள்ளும் கொழும்புக்காரர்கள். அன்றாட வேலையை நான் குறித்துவைக்கும் லொக் புத்தகத்தில் ஏழாம் பேட்சுக்கு எழுதியிருந்தபடியே மூன்று தடவை செய்தோம். மூன்றும் செத்தன.

2. சம்பல் சோதனை

"செல்வண்ணே, ஏழாம் பேட்ச் சிரட்டைய எங்க எடுத்தீங்க?"

"சீகிரியா ஹோட்டல் குசினியில மெடம்."

"அப்ப அங்கேயே போங்க. அதே குக்கிட்ட வாங்குங்க."

போனேன். சாக்கைப் பார்த்ததும் குக் கேட்டான்: "போன தடவ கொண்டுபோனத என்னடா செஞ்ச, தின்னுட்டியா?"

அந்தச் சிரட்டையும் உதவவில்லை. கமகே கொப்பியும் பேனாவுமாக வந்தார். "மச்சான், அன்னைக்கி என்ன சாப்ட்ட?"

"ரொட்டியும் கட்டசம்பலும்."

எழுதிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து எனக்கு ரொட்டியும் காரமான மிளகாய்க் கட்டசம்பலும்தான். நான்காம் நாள் என் வயிறு கெட்டது. கரியும் கெட்டது.

கடைசியில் மெடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அன்னைக்கி நீலச் சட்டையா போட்டிருந்தீங்க?" கேட்டுவிட்டு அவரே முகத்தை மூடிக்கொண்டார். "யா அல்லாஹ், நான் பிஎச்டி செஞ்சவ. என்னையும் இப்புடிக் கேக்க வெச்சிட்டீங்களே."

மறுநாள் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும், சொன்னால் வேலை போய்விடும்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் முன்பே துண்டுச் சீட்டில் நிறையை எழுதிவிடும் ஒரு கணக்கப்பிள்ளையிடம் வளர்ந்தவன் நான். லொக் புத்தகத்தையும் அப்படித்தான் எழுதினேன். காலையில் வந்ததும் "நிமிடத்துக்கு ஐந்து டிகிரி சூடு, நன்றாக முடிந்தது" என்று அன்றைய நாள் முழுவதையும் எழுதி முடித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன்.

ஏழாம் பேட்ச் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெடம் கொழும்பில், கமகே லீவில். புத்தகத்தை எழுதி முடித்த நேரம் வில்கமுவையிலிருந்து கூட்டாளி போன் எடுத்தான். அறுவடை மெஷினுக்கு டிரைவர் இல்லை, மழை வரப்போகிறது என்றான். ஐந்தில் போட்டால் பர்னஸ் மத்தியானமே ஆயிரத்து முந்நூறைத் தொடும். அந்த நேரத்தில் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது சட்டம். வில்கமுவைக்குப் போனால் நினைத்த நேரத்துக்குத் திரும்பி வரப் பஸ் இல்லை. அதனால் ஐந்தை ஒன்றாக்கினேன்; புத்தகத்தில் எழுதிய ஐந்து அப்படியே இருந்தது. பர்னஸ் மறுநாள் விடியலில்தான் உச்சிக்கு வந்தது. அதற்குள் நெல் லொறியில் தொற்றிக்கொண்டு நானும் வந்து சேர்ந்துவிட்டேன்.

3. பிஸ்கட் டின்

கமகே செல்களைப் பிஸ்கட் டின்னில் அடுக்கத் தொடங்கினார். "முடியாதுன்னு நாளைக்கி கொழும்புக்குச் சொல்லிடுறேன்," என்றார் மெடம். "அது செல்வண்ணேட கைராசி, திரும்ப வராது."

அதற்கு மேல் தாங்கவில்லை.

"மெடம், அன்னைக்கி நான் இங்க இல்லிங்க."

"எங்க போனீங்க?"

"வில்கமுவ. நெல்லு வெட்ட."

"அப்ப பர்னஸ்?"

"தானா ஓடிச்சிங்க. அஞ்சுக்குப் பதிலா ஒண்ணுல போட்டுட்டுப் போனேன்."

இன்றோடு இந்த வேலையும் முடிந்தது என்று என் பையைத் தேடினேன். மெடம் எழுந்து நின்றார். "ஒண்ணா? ஒரு டிகிரியா? மூணு மாசமா சிரட்டைய சந்தேகப்பட்டேன், தண்ணிய சந்தேகப்பட்டேன், உங்களுக்குச் சம்பல் வாங்கிக் குடுத்தேன்!"

"கடைக்குப் போனது நான், மெடம்," என்றார் கமகே.

பர்னஸைத் தனியே விட்டுப் போனதற்கு மெடம் அரை மணித்தியாலம் ஏசினார். நியாயமான ஏச்சு. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு விளக்கினார். "அவசரமா சூடாக்கினா புகை முட்டிமோதி வெளிய வரும், கரியெல்லாம் பொத்தலாப் போகும். சோடியம் அந்தப் பொத்தல்ல சிக்கி வீணாகும். மெதுவா ஏத்தினா பொத்தல் கொறையும். விளங்குதா?"

விளங்கியது. அடுத்த பேட்சை ஒரு டிகிரியில் போட்டு இருபத்தொரு மணித்தியாலமும் பக்கத்திலேயே இருந்தேன். அந்தச் செல் நூறைத் தாண்டியது. அதற்கடுத்ததும் தாண்டியது.

கொழும்பிலிருந்து வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்: "ஒரு டிகிரின்னு எந்த அடிப்படையில முடிவு செஞ்சீங்க?"

மெடம் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "வில்கமுவ பஸ் டைம்டேபிள் அடிப்படையில."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். கிடங்கு பூட்டப்படவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். செய்தபின் எழுதுங்கள். பொய்யாக எழுதினால் தவறு நடக்கிற அன்றுதான் மாட்டுவோம் என்று நினைத்திருந்தேன். நல்லது நடந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.